கட்டடத்துக்கும் ஒரு சான்றிதழ்

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டாலே எமது பெண்களில் பலருக்கு ஓர் அலுப்பு வந்துவிடும். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்காகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். கணவனின் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் மாதக்கணக்கில் உதவிப் பணம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமற்போனவர் என்று பதிவதற்கான சான்றிதழ் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தினால் வந்தபோது, அதை எடுப்பதா வேண்டாமா என்று இரவிரவாக யோசித்தவர்களும் இந்த இதழின் வாசகிகளில் உண்டு. எம்மிடம் எல்லோரும் சான்றிதழ் கேட்கிறார்கள். நாம் யாரிடமும் கேட்பதில்லை.

இந்த மாதம் நாம் கேட்க வேண்டிய ஒரு சான்றிதழைப் பற்றி எழுதுகிறேன். அது மனிதருக்கு உரியது அல்ல, கட்டடத்துக்கு உரியது. இந்தக் கட்டடம் ஓர் ஆண்டில் எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது, அதே அளவான மற்றக் கட்டடங்களோடு பார்க்கையில் இது நல்லதா கெட்டதா என்பதை அது சொல்லும். இதில் எமக்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. வரக்காப்பொலப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் தையல் நிலையத்துக்குச் சிவப்பு நோட்டீஸ் வந்த நாளில்தான் என் எண்ணம் மாறியது.

சாவி வந்தது, பட்டியலும் வந்தது

அந்த நிலையத்தை ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, உறவினரைத் தேடி மீண்டும் இந்த லயங்களுக்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. அந்தப் பெண்களும் தோட்டத்துப் பெண்களுமாகப் பதினாறு பேர் மாதர் சங்கமொன்றை அமைத்துத் தையல் பழகினார்கள். ஜனவரி மாதத்தில் பாடசாலைச் சீருடை, ஏனைய மாதங்களில் சட்டை, தலையணை உறை என்று வேலை நடந்தது. திட்டக் காலம் முடிந்ததும் நிறுவனம் ஒரு சிறிய விழா வைத்து, சங்கத் தலைவியின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

கட்டடம் பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் தாழ்வான தகரக் கூரை. சீலிங் இல்லை. யன்னல்கள் ஒரு பக்கத்தில் மாத்திரம். நீளமான சுவர் மேற்கைப் பார்த்தபடி இருந்ததால் பின்நேர வெயில் முழுவதும் அந்தச் சுவரிலேயே விழும். காலை பத்து மணிக்குப் பிறகு எட்டு மின்விசிறியும் சுழலாமல் உள்ளே இருக்க முடியாது. யன்னல் இல்லாத பக்கம் இருட்டு என்பதால் பகலிலும் பத்து டியூப் லைட்டும் எரியும். மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில் இது ஒரு பெரிய விடயமாகத் தெரியவில்லை.

பிறகு 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்க மாட்டோம். அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. மாதம் 30 அலகு மாத்திரம் பாவிக்கும் ஓர் ஏழை வீட்டுக்கு 2022 இன் ஆரம்பத்தில் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும் என்று 105 ரூபா வந்தது. அதே 30 அலகுக்கு 2023 பெப்ரவரிக்குப் பின் அலகுக்கு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்று 1300 ரூபா வந்தது. அதன் பின்னர் கட்டணம் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் பட்ட கடன் பலருக்கு இன்னும் முடியவில்லை.

தையல் நிலையத்தின் பட்டியல் ஒரு மாதம் கட்டப்படவில்லை, அடுத்த மாதமும் கட்டப்படவில்லை. சிவப்பு நோட்டீஸ் வந்தது. தலைவி அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மிஸ், சாவிய கையில குடுத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. மாசம் இவ்வளவு பில்லு வரும்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

சமூகவியல் படித்த நான், பயனாளிகளின் பங்கேற்பு, நிலைத்திருக்கும் அபிவிருத்தி என்றெல்லாம் அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். அந்த அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மையில் அந்தப் பட்டியல் 2023 இல் தீர்மானிக்கப்பட்டதல்ல. கூரைக்குத் தகரமும் சுவருக்கு மேற்குத் திசையும் தெரிவு செய்யப்பட்ட அன்றே அது எழுதப்பட்டுவிட்டது.

கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் வேறொருவர்

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியது அல்ல. கட்டடத்தைக் கட்டுபவர் மலிவாகக் கட்ட விரும்புகிறார். அதில் இருக்கப்போகிறவர் வேறொருவர். மின்பட்டியலைச் செலுத்துகிறவர் அவர்தான். ஆனால் உள்ளே வருவதற்கு முன் அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை அறிய அவருக்கு வழியில்லை. அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம், சேலை வாங்கும்போது வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். கட்டடத்தை எதை வைத்துப் பார்ப்பது?

ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒட்டும் தர முத்திரை அங்கு 1990 களிலேயே வந்துவிட்டது. அதே முறையைக் கட்டடத்துக்கும் கொண்டுவர 2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. கட்டடத்தைக் கட்டும்போதும் விற்கும்போதும் வாடகைக்குக் கொடுக்கும்போதும் அதன் சக்திப் பாவனை பற்றிய சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். பொதுமக்கள் வந்துபோகும் பெரிய அரச கட்டடங்களில் அதை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் தொங்கவிடவும் வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 ஒக்டோபரிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. முதலில் 1000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட அரச கட்டடங்களுக்கு மாத்திரம் இருந்தது. 2013 இல் 500 சதுர மீற்றராகவும் 2015 இல் 250 சதுர மீற்றராகவும் எல்லை குறைக்கப்பட்டது. லண்டனில் இருக்கும் உங்கள் உறவினர்கள் வைத்தியசாலைக்கோ நூலகத்துக்கோ போகும்போது வாசலில் பச்சையிலிருந்து சிவப்பு வரை படிப்படியாக நிறம் மாறும் ஒரு தாளைப் பார்த்திருப்பார்கள். ஏ முதல் ஜீ வரை ஏழு தரம். ஏ என்றால் மிகச் சிறந்தது, ஜீ என்றால் மிக மோசம்.

அந்தத் தரத்தைக் கணிக்கும் முறை விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஓர் ஆண்டுக்கான மின்சாரம், எரிவாயு ஆகியவற்றின் உண்மையான பாவனையை மானி வாசிப்பிலிருந்து எடுப்பார்கள். அதைக் கட்டடத்தின் பரப்பளவோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அதே வகையான ஒரு சாதாரணக் கட்டடத்தின் பாவனையை 100 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். 100 க்கு மேல் போனால் சாதாரணத்தை விட மோசம், கீழே வந்தால் நல்லது. வைத்தியசாலையை வைத்தியசாலையோடும் பாடசாலையைப் பாடசாலையோடும்தான் ஒப்பிடுவார்கள் என்பதால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

வர்த்தகக் கட்டடங்களுக்கு அங்கு இன்னொரு வகைச் சான்றிதழ் உண்டு. இது மானியைப் பார்த்து எழுதப்படுவதில்லை. சுவர், கூரை, யன்னல், விளக்கு ஆகியவற்றைப் பார்த்து, இந்தக் கட்டடம் எவ்வளவு பாவிக்கக் கூடும் என்று கணக்கிட்டு எழுதப்படுவது. முதலாவது சான்றிதழ் கட்டடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறது, இரண்டாவது அதன் உடலமைப்பைச் சொல்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து அங்கே எஃப், ஜீ தரத்தில் உள்ள வர்த்தகக் கட்டடங்களைப் புதிதாக வாடகைக்குக் கொடுப்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டது. 2023 ஏப்ரலில் ஏற்கனவே வாடகையில் உள்ள கட்டடங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. தாளில் எழுத்தாக இருந்தது சட்டத்தின் பல்லாக மாறியது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலும் 2020 முதல் பெரிய கட்டடங்கள் தமது எழுத்துத் தரத்தை வாசலில் காட்ட வேண்டும்.

விரும்பியவர் செய்யட்டும் என்று விடாமல் இதைக் கட்டாயமாக்கியது ஏன்? விருப்பத்துக்கு விட்டால் நல்ல கட்டடக்காரர் மாத்திரம்தான் சான்றிதழ் எடுப்பார். மோசமான கட்டடம் வெள்ளையடித்துக்கொண்டு பேசாமல் நிற்கும். அதற்குள் போய் வேர்த்துக்கொண்டிருப்பது எம்மைப் போன்றவர்கள்தான்.

எமது நாட்டில் என்ன இருக்கிறது?

இலங்கையில் இந்தச் சிந்தனை புதியதல்ல. சக்திப் பேணல் நிதியம் என்ற அமைப்பு 1985 இலேயே சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. பின்னர் 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைக்கப்பட்டது. பெரிய அளவில் சக்தியைப் பாவிக்கும் நிறுவனங்களுக்குச் சக்தி முகாமையாளர், சக்திக் கணக்காய்வாளர் போன்ற ஏற்பாடுகள் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கட்டடங்களுக்கான சக்தி வினைத்திறன் விதிக்கோவை ஒன்றை அதிகாரசபை 2008 இல் வெளியிட்டது. மின்குமிழ்ப் பெட்டியில் நீங்கள் காணும் நட்சத்திர முத்திரையும் இவ்வகை முயற்சியின் பலன்தான். நட்சத்திரம் கூடக்கூட, அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்சாரம் போகும்.

ஆனால் மின்குமிழுக்கு இருக்கும் அந்த முத்திரை, மின்குமிழ் தொங்கும் கட்டடத்துக்கு இல்லை. எமது பிரதேச சபைக் கட்டடத்திலோ வைத்தியசாலையிலோ வங்கியிலோ அப்படி ஒரு தாள் வாசலில் தொங்குவதை நான் காணவில்லை. அயல்நாடான இந்தியாவில் அலுவலகக் கட்டடங்களுக்கு 2009 முதல் நட்சத்திரத் தரம் வழங்கும் திட்டமொன்று உண்டு. அதுவும் விரும்பியவர் எடுப்பதாகவே ஆரம்பிக்கப்பட்டது.

பக்கத்தில் இருக்கும் உதாரணம்

வெளிநாட்டுக் கதை சொல்லிவிட்டுப் போகாமல், வரக்காப்பொலவுக்கு அருகிலேயே இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். துல்ஹிரியவில் முன்பு அரச நெசவாலை இருந்தது. அந்தப் பெரிய வளவில் இப்போது எம்.ஏ.எஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற் பூங்கா இருக்கிறது. அங்கே 2008 இல் துருலி என்ற பெயரில் ஓர் ஆடைத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பிரித்தானியாவின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்துக்கு உள்ளாடை தைப்பதற்காகக் கட்டப்பட்டது அது. அமெரிக்கப் பசுமைக் கட்டட சபையின் லீட் என்ற தரவரிசையில் ஆக உயர்ந்த பிளாட்டினம் தரம் அதற்குக் கிடைத்தது. இதுவும் சட்டம் கேட்ட சான்றிதழ் அல்ல. வாங்குபவர் விரும்பியதால் தேடிப் பெற்ற சான்றிதழ்.

அங்கு செய்யப்பட்டவை எம்மால் விளங்கிக்கொள்ள முடியாத மாயங்கள் அல்ல. சூளையில் சுடாத, அழுத்திச் செய்த மண் கற்களைச் சுவருக்குப் பாவித்தார்கள். கூரையின் சில பகுதிகளில் புல்லும் செடியும் வளர்த்தார்கள். பகல் வெளிச்சம் உள்ளே வரும்படி யன்னல்களை அமைத்தார்கள். மண்டபம் முழுவதையும் பெரிய விளக்குகளால் நிரப்பாமல், ஊசி இறங்கும் இடத்தில் சிறிய விளக்குகளை வைத்தார்கள். தைக்கும் மண்டபத்துக்கு ஏ.சி. போடாமல், ஈரமான அட்டைகளுக்கு ஊடாகக் காற்றை இழுத்துக் குளிர்வித்தார்கள். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று எமக்குத் தெரியும். பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு போகிறது. அதே தத்துவத்தைத்தான் சுமார் 1300 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் செய்தார்கள்.

இன்னும் பழைய உதாரணமும் இந்த வீதியிலேயே உண்டு. கொழும்பு - கண்டி வீதி போடப்பட்ட காலத்தில் 1828 இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அம்பேபுஸ்ஸ வாடிவீடு, மின்சாரம் என்பதே இல்லாத காலத்துக் கட்டடம். உயர்ந்த ஓட்டுக் கூரை, சுற்றிவர விறாந்தை, மர நிழல் என்று கட்டியதால்தான் அக்காலத்தவர் மின்விசிறி இல்லாமல் இருக்க முடிந்தது. அம்பேபுஸ்ஸ என்றதும் எமது வாசகிகளில் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 2008, 2009 காலத்தில் அங்கிருந்த புனர்வாழ்வு நிலையத்தில் பிள்ளையைப் பார்க்க வந்துபோன தாய்மாருக்கு இந்த வீதியின் ஒவ்வொரு வளைவும் தெரியும். அந்தத் தாய்மார் இந்தப் பந்தியை வேறு மனதோடு வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

சான்றிதழ் சொல்லாதவை

ஒரு விடயத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. கட்டடம் நல்ல கட்டடம் என்ற சான்றிதழ், அதற்குள் வேலை செய்யும் பெண்ணின் சம்பளம் நல்லது என்றோ, மலசலகூடத்துக்குப் போக நேரம் கிடைக்கிறது என்றோ சொல்லாது. உலகில் எந்தத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். கூரை குளிர்ந்துவிட்டது என்பதற்காக மற்றக் கேள்விகளை நாம் மறந்துவிடக் கூடாது. அதேநேரம், வேர்வை வழிய வழிய எட்டு மணித்தியாலம் தைக்கும் பெண்ணுக்குக் குளிர்ந்த காற்று ஒரு சிறிய விடயமும் அல்ல. தலைவலி, தண்ணீர் வற்றுவதால் வரும் சிறுநீர்த் தொற்று, மயக்கம் என்று வெப்பம் முதலில் தாக்குவது எமது உடம்பைத்தான்.

இன்னொன்று, தாளில் உள்ளதும் மானியில் உள்ளதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. திட்ட வரைபடத்தில் மிக நல்லதாகத் தெரிந்த கட்டடம், பாவனையில் இரண்டு மடங்கு மின்சாரம் எடுப்பதும் உண்டு. யன்னலைப் பூட்டிவிட்டு லைட்டைப் போட்டால் எந்தச் சான்றிதழாலும் காப்பாற்ற முடியாது. இதனால்தான் ஆண்டுதோறும் மானியைப் பார்த்து எழுதும் முறையை நான் விரும்புகிறேன். அது பொய் சொல்லாது.

எமது சான்றிதழை நாமே எழுதுவோம்

அரசாங்கம் கட்டாயமாக்கும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மாதர் சங்க நிலையம், ஒரு முன்பள்ளி, ஒரு தேநீர்க் கடை, எதுவாக இருந்தாலும் பின்வருமாறு செய்யலாம். ஒரு கொப்பியும் ஓர் அடிமட்டமும் போதும்.

முதலாவது, கடந்த 12 மாத மின்பட்டியல்களை எடுங்கள். ரூபாவை விட்டுவிட்டு அலகுகளை மட்டும் கூட்டுங்கள். கட்டணம் ஏறும், இறங்கும். அலகுதான் கட்டடத்தின் உண்மையான குணம்.

இரண்டாவது, கட்டடத்தின் நீளத்தையும் அகலத்தையும் மீற்றரில் அளந்து பெருக்குங்கள். அதுதான் பரப்பளவு.

மூன்றாவது, அலகைப் பரப்பளவால் வகுங்கள். எமது தையல் நிலையம் 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். பரப்பளவு 80 சதுர மீற்றர். மாதத்துக்குச் சராசரியாக 240 அலகு என்றால் ஆண்டுக்கு 2880 அலகு. 80 ஆல் வகுத்தால் 36. அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 36 அலகு. இதுதான் அந்தக் கட்டடத்தின் இலக்கம். ஒப்பிட வேறு கட்டடம் கிடைக்காவிட்டால், இந்த இலக்கத்தையே 100 என்று வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

நான்காவது, மின்சாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 1000 வாட் பொருள் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. எமது நிலையத்தில் 75 வாட் மின்விசிறி எட்டு. நாளுக்கு 7 மணித்தியாலம், மாதத்துக்கு 24 நாள். கிட்டத்தட்ட 100 அலகு. சோக்குடன் சேர்த்து 50 வாட் எடுக்கும் பழைய டியூப் லைட் பத்து. அது 84 அலகு. தேநீருக்கான மின் கேத்தல் 2000 வாட், நாளுக்கு அரை மணித்தியாலம். அது 24 அலகு. மீதி 32 அலகு ஸ்திரிப் பெட்டிக்கு. தையல் இயந்திரங்கள் காலால் மிதிப்பவை என்பதால் அவற்றுக்குச் செலவில்லை. மோட்டர் பூட்டிய இயந்திரம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில பழைய மோட்டர்கள், தைக்காமல் சும்மா இருக்கும்போதும் இரைந்துகொண்டே மின்சாரம் எடுக்கும். கால் அழுத்தும்போது மாத்திரம் ஓடும் சேர்வோ மோட்டர் என்ற வகை இப்போது கிடைக்கிறது.

இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் எமது பெண்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. தையலுக்காக அவர்கள் செலவழித்தது மிகக் கொஞ்சம். கட்டடத்தின் வெக்கையையும் இருட்டையும் விரட்டுவதற்கே மாதம் 184 அலகு போயிருக்கிறது.

ஐந்தாவது, கட்டணப் பிரிவு. இது பலருக்குத் தெரியாத விடயம். மின்பட்டியலில் வீட்டுப் பாவனை, பொது நோக்கம், கைத்தொழில், மத மற்றும் அறப்பணி நிறுவனங்கள் என்று பிரிவுகள் இருக்கின்றன. எமது நிலையம் எந்தப் பிரிவில் போடப்பட்டிருக்கிறது என்று பட்டியலைப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருந்தால் உரிய பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று பிரதேச மின் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வீட்டுப் பாவனையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விகிதம் வந்துவிடும். 59 க்கும் 61 க்கும் இடையில் உள்ள வித்தியாசம் இரண்டு அலகு மட்டுமல்ல.

என்ன திருத்தலாம்?

ஏற்கனவே கட்டிய கட்டடத்தை இடித்துக் கட்ட எம்மால் முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். தகரக் கூரையின் வெளிப்புறத்துக்கு வெள்ளை நிறப் பூச்சுப் பூசினால் வெயிலின் பெரும் பகுதி திரும்பிப் போய்விடும். யன்னல் உள்ள சுவருக்கு நேரெதிர்ச் சுவரிலும் ஒரு யன்னலோ கிராதிக் கல்லோ வைத்தால் காற்று ஊடறுத்துப் போகும். மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் வாழையோ அகத்தியோ நட்டால் இரண்டு ஆண்டில் நிழல் வரும். 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் புதிய வகை மின்விசிறி விலை கூடியது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். டியூப் லைட்டுக்குப் பதிலாக 18 வாட் எல்.ஈ.டி. போடலாம்.

எமது கணக்கின்படி மின்விசிறியும் லைட்டும் மாறினாலே மாதம் 240 அலகு 126 ஆகக் குறையும். சதுர மீற்றருக்கு 36 என்பது 19 ஆகும். 100 என்று தொடங்கியது 53 க்கு வரும். கூரைக்கு வெள்ளை பூசியதும் எதிர்ச் சுவரில் யன்னல் வைத்ததும் இதற்கு மேலதிகம்.

லயத்து அறைகளின் நிலை இதை விட மோசம் என்பதை நான் அறிவேன். ஒரு கதவு, ஒரு யன்னல், தலைக்கு மேல் தகரம். அங்கே மின்பட்டியல் குறைவாக வருவது கட்டடம் நல்லது என்பதால் அல்ல, பாவிக்கப் பொருள் இல்லாததால். எனவே குறைந்த அலகு என்பது எப்போதும் பெருமைக்குரியது அல்ல. சான்றிதழ் எழுதும்போது, உள்ளே இருப்பவர் சுகமாக இருக்கிறாரா என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்

எமது வரிப் பணத்தில் ஓடும் கட்டடங்களும் இருக்கின்றன. பிரதேச சபை, பிரதேச செயலகம், வைத்தியசாலை, பாடசாலை. அவற்றின் மின்பட்டியல் எவ்வளவு என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். காணாமற்போனவர்களைப் பற்றிக் கேட்கப் பழகிய பெண்களுக்கு ஒரு கட்டடத்தின் மின்பட்டியலைக் கேட்பது பெரிய காரியமல்ல. பகலில் எல்லா லைட்டும் எரியும் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது, இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதை விட முக்கியமானது, எமக்கென்று கட்டித் தருபவர்களிடம் கேட்பது. முன்பள்ளியோ தையல் நிலையமோ வீடோ, அடிக்கல் நாட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நீளச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கும்? கூரை எதனால் போடப்படும், சீலிங் உண்டா? காற்று வர ஒரு பக்கம், போக மறுபக்கம் வழி உண்டா? மாதம் எத்தனை அலகு வரும் என்று கணக்குப் பார்த்தீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இனாமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். கட்டடம் இனாம்தான். பட்டியல் இனாம் அல்ல.

எமது தையல் நிலையத்துக்கு மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. பதினாறு பேரும் சீட்டுக் காசில் கை வைத்து நிலுவையைத் தவணையாகக் கட்டினார்கள். கூரைக்கு வெள்ளை பூசியாகிவிட்டது. மின்விசிறிகளில் மூன்று மாறியிருக்கின்றன, ஐந்து மாறவில்லை. கட்டணப் பிரிவை மாற்றக் கேட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் கொப்பித் தாளொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு மாத அலகையும் தலைவி அக்காவின் மகள் எழுதுகிறாள். குறைந்த மாதத்துக்குப் பச்சை, கூடிய மாதத்துக்குச் சிவப்பு.

அண்மையில் அதே தோட்டத்தில் முன்பள்ளி கட்டித் தருவதாக ஒரு நிறுவனத்தினர் வந்தார்கள். வரைபடத்தை விரித்தார்கள். அக்கா அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சார், வெயில் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டார். வந்தவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரத்துக்குப் பின் வந்த வரைபடத்தில் யன்னல்கள் இரண்டு பக்கமும் இருந்தன. கூரை இன்னும் தகரம்தான். அதற்கும் கேள்வி தயாராக இருக்கிறது.